ஹோய் ஆன்: ஆறு வாழவைத்த ஊர்... ஆறே காப்பாற்றிய ஊர்!

வியட்நாமின் 20,000 டாங் நோட்டைக் கையில் வாங்கும்போது முதலில் கொஞ்சம் மிரட்சியாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், நம்ம ஊர் மதிப்பில் அது சுமார் 70 ரூபாய்தான்! அந்த நீல நிற நோட்டின் முன்பக்கத்தில் ஹோ சி மின் சிரிக்கிறார். திருப்பிப் பார்த்தால், ஓடு வேய்ந்த கூரையோடு ஒரு சின்னப் பாலம். 18 மீட்டர் நீளம்தான் இருக்கும். நடந்தால் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம்.

ஒரு நாட்டின் பணத்தாளில் இடம்பிடிக்கும் அளவுக்கு அந்தப் பாலத்தில் என்ன இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள மத்திய வியட்நாமில், தூ போன் ஆற்றின் கரையில் இருக்கும் ஹோய் ஆன் என்கிற சின்ன ஊரின் கதையைக் கேட்க வேண்டும். அந்தக் கதையில் சிவன் கோயில் வருகிறது, ஜப்பானிய வணிகர்கள் வருகிறார்கள், அகில் கட்டை வருகிறது, போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒருவர் வருகிறார். எல்லோரையும் கூட்டிவந்து சேர்த்தது அந்த ஆறுதான்.

ஆற்றின் மேலே கோயில்... கீழே துறைமுகம்!

ஹோய் ஆனின் கதை வியட்நாமியர்களிடமிருந்து தொடங்கவில்லை. மத்திய வியட்நாமின் கடற்கரையோரத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டவர்கள் சாம் மக்கள். அவர்களுடைய நாட்டின் பெயர் சம்பா. இந்து, பௌத்த சமயங்களும் சமஸ்கிருதமும் அந்த நாட்டில் வேரூன்றியிருந்தன. சாம் மொழியை எழுதப் பயன்பட்ட எழுத்துகூட, தென்னிந்திய பிராமி வழியில் வந்ததுதான்.

தூ போன் ஆற்றை ஒரு சாலை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் துறைமுகம். கொஞ்சம் மேலே போனால் டிரா கியூ என்ற இடம். அங்கேதான் சம்பாவின் பழைய தலைநகரமான சிம்மபுரம் இருந்தது. இன்னும் மேலே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மி சோன் கோயில் தொகுதி. துறைமுகத்தில் பணம், தலைநகரில் அதிகாரம், பள்ளத்தாக்கில் தெய்வம் என்று ஒரே ஆறு மூன்றையும் கோத்து வைத்திருந்தது.

மி சோனில் முதல் கோயிலைக் கட்டியவர் பத்ரவர்மன் என்ற அரசர். காலம் 4-ஆம் நூற்றாண்டின் இறுதி. அங்கே இருந்த சிவனுக்கு, அரசரின் பெயரையும் சேர்த்து பத்ரேஸ்வரர் என்று பெயர். அந்த மரக்கோயில் தீக்கிரையான பிறகு, சம்புவர்மன் என்ற அரசர் செங்கல்லில் மறுபடி கட்டினார். பிறகு பல நூற்றாண்டுகள் கோயில்கள் எழுந்துகொண்டே இருந்தன. 70-க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள்.

செங்கற்களுக்கு இடையே சாந்து பூசிய தடமே தெரியாத அளவுக்கு நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்கள். முதலில் சுவரை எழுப்பிவிட்டு, பிறகு அந்தச் செங்கல் மேலேயே சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். கருங்கல் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புது அனுபவம்.

ஆனால் மி சோனுக்குப் போகிறவர்கள் பள்ளங்களையும் பார்க்க வேண்டியிருக்கும். கோபுரங்களுக்கு நடுவே புல் முளைத்துக் கிடக்கும் அவை, அமெரிக்கப் போரின்போது விழுந்த குண்டுகள் உண்டாக்கியவை. 1969 ஆகஸ்டில் நடந்த குண்டுவீச்சில், அங்கிருந்ததிலேயே உயரமான 24 மீட்டர் கோபுரம் தரைமட்டமானது. இப்போது நிற்பவை சுமார் 20 கட்டடங்கள்தான்.

இந்தியத் தொல்லியல் துறை 2017-இல் இருந்து சில ஆண்டுகள் இங்கே மூன்று கோயில் தொகுதிகளைச் சீரமைத்தது. அந்த வேலையின்போதுதான் 2020 மே மாதம் ஒரே கல்லில் செய்த 9-ஆம் நூற்றாண்டு சிவலிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து முழுதாக வெளிவந்தது. இன்று அந்தக் கோயில்களில் தினசரி பூசை கிடையாது. சாம் மக்களில் பெரும்பாலோர் பல நூறு கிலோமீட்டர் தெற்கே வாழ்கிறார்கள். 1471-இல் வடக்கேயிருந்து வந்த வியட்நாமியப் படையிடம் சம்பா பெரும் தோல்வி கண்டது. அதன் பிறகு தூ போன் ஆற்றங்கரைக்குப் புது ஆட்கள் வந்தார்கள்.

காற்று கூட்டிவந்த வணிகர்கள்

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வியட்நாமின் தென்பாதியை நுயென் பிரபுக்கள் ஆளத் தொடங்கிய நேரம். வடக்கே இருந்த எதிரிகளைச் சமாளிக்கப் பணம் வேண்டும், ஆயுதம் வேண்டும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, வெளிநாட்டு வணிகர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது. அப்படித் திறந்த கதவுதான் ஹோய் ஆன். ஐரோப்பியர்கள் இந்த ஊரை ஃபைஃபோ என்று அழைத்தார்கள்.

அப்போது சீனக் கப்பல்கள் ஜப்பானுக்குப் போகச் சீன அரசின் தடை இருந்தது. இரண்டு நாட்டு வணிகர்களும் சந்திக்கப் பொதுவாக ஓர் இடம் தேவைப்பட்டது. ஹோய் ஆன் அந்த இடமாக அமைந்தது. வடகிழக்குக் காற்றில் பாய் விரித்து வந்து இறங்குவார்கள். மாதக் கணக்கில் சந்தை நடக்கும். தென்மேற்குக் காற்று எழுந்ததும் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். பட்டு, மண்பாண்டம், பட்டை, மிளகு, சர்க்கரை, அகில் கட்டை, தீவுகளில் கிடைக்கும் உழவாரக் குருவிக் கூடு என எல்லாம் கைமாறிய சந்தை அது.

காற்று திரும்பும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், வந்தவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். ஜப்பானியர்களுக்குத் தனித் தெரு, சீனர்களுக்குத் தனித் தெரு. ஜப்பானிய அரசின் சிவப்பு முத்திரை பெற்ற வணிகக் கப்பல்கள் 1604 முதல் 1635 வரை இங்கே வந்துபோயின. நாகசாகியைச் சேர்ந்த அராக்கி சோதாரோ என்ற வணிகர், நுயென் குடும்பத்துப் பெண்ணையே மணந்துகொண்டு ஊருக்குக் கூட்டிப்போனார். அந்த மணப்பெண்ணின் வருகையை நாகசாகி மக்கள் தங்கள் ஊர்த் திருவிழாவில் இப்போதும் நடித்துக் காட்டுகிறார்கள்.

1635-இல் ஜப்பான் தன் மக்கள் வெளிநாடு போகவும், வெளிநாட்டில் இருப்பவர்கள் திரும்பி வரவும் தடை போட்டது. ஹோய் ஆனில் இருந்த ஜப்பானியர்கள் இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்ற நிலைக்கு ஆளானார்கள். ஊருக்கு வெளியே வயல் நடுவில் ஒரு சமாதி இருக்கிறது. 1647-இல் இறந்த தானி யாஜிரோபெய் என்ற ஜப்பானிய வணிகருடையது. தான் நேசித்த ஹோய் ஆன் பெண்ணுக்காகவே அவர் இந்த ஊருக்குத் திரும்பி வந்தார் என்று சொல்கிறார்கள். சமாதி ஜப்பான் இருக்கும் வடகிழக்குத் திசையைப் பார்த்தபடி இருக்கிறது. சுற்றிலும் நெல் விளைகிறது. பயிர் செய்கிறவர்கள் அதைத் தொடாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.

1644-இல் சீனாவில் மிங் அரச மரபு வீழ்ந்ததும், அதற்கு விசுவாசமாக இருந்த பலர் ஹோய் ஆனுக்கு வந்து குடியேறினார்கள். ஒவ்வொரு மாகாணத்துக்காரர்களும் தங்களுக்கென்று ஒரு சங்க மண்டபம் கட்டினார்கள். அவற்றில் பெரியது ஃபூஜியன் மண்டபம். கடலில் போகிறவர்களைக் காக்கும் தேவிதான் அங்கே தெய்வம். பாதுகாப்பாகக் கரை சேர்ந்ததற்கு முதல் நன்றி அவளுக்கு! கூரையிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும் பெரிய ஊதுவத்திகள் வாரக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும்.

இந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் தங்கியிருந்த ஐரோப்பியப் பாதிரியார்கள் இன்னொரு பெரிய வேலையைத் தொடங்கிவைத்தார்கள். வியட்நாமிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முயற்சி இங்கேதான் ஆரம்பமானது. 1624-இல் வந்த அலெக்சாந்தர் தெ ரோட்ஸ், 1651-இல் ரோமில் ஒரு வியட்நாமிய அகராதியை அச்சிட்டார். இன்று வியட்நாம் முழுக்கப் பள்ளிக் குழந்தைகள் எழுதுவது அந்த எழுத்தில்தான்.

இந்தியாவில் தலை வைத்திருக்கும் அசுரன்!

இப்போது அந்தப் பாலத்துக்கு வருவோம். 1593-இல் ஜப்பானியர்கள் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. ஜப்பானியத் தெருவையும் சீனத் தெருவையும் இணைக்கும் பாலம் என்பதால், பெயரே ஜப்பானியப் பாலம்தான். பாலத்தின் நடுவிலிருந்து ஒரு சின்னக் கோயில் பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. ஒரு முனையில் இரண்டு குரங்குச் சிலைகள், மறுமுனையில் இரண்டு நாய்ச் சிலைகள். குரங்கு ஆண்டில் வேலையைத் தொடங்கி, நாய் ஆண்டில் முடித்ததால் இப்படி என்பது உள்ளூர் விளக்கம்.

இதைவிடச் சுவாரஸ்யமான கதை ஒன்று உண்டு. பூமிக்கு அடியில் ஒரு பெரிய அசுர மீன் படுத்திருக்கிறதாம். அதன் தலை இந்தியாவில், வால் ஜப்பானில், முதுகு ஹோய் ஆனில்! அது புரண்டு படுத்தால் ஜப்பானில் நிலநடுக்கம் வரும். அதனால் அதன் முதுகில் வாள் செருகியதுபோல இந்தப் பாலத்தைக் கட்டி அசையாமல் நிறுத்தினார்களாம். இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை நீண்ட கடல் வணிகத்தின் நடுவில் தங்கள் ஊர் இருக்கிறது என்பதை ஊர்க்காரர்கள் ஒரு கதைக்குள் எவ்வளவு அழகாகப் பொதிந்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்!

1719-இல் இங்கே வந்த நுயென் பிரபு ஒருவர், தூரத்திலிருந்து வருகிறவர்களின் பாலம் என்ற பொருளில் இதற்குப் பெயர் சூட்டினார். 2022 இறுதியில் தொடங்கிய சீரமைப்பு வேலை முடிந்து, 2024 ஆகஸ்டில் பாலம் மறுபடி திறக்கப்பட்டது. புது வண்ணத்தைப் பார்த்து, பழைய பாலத்தின் அழகே போச்சே என்று சமூக வலைதளங்களில் பலர் வருத்தப்பட்டார்கள். வெயிலும் மழையும் பட்டால் நிறம் தானாகவே பழசாகிவிடும் என்பது சீரமைத்தவர்கள் தரப்பின் பதில்.

மணல் மூடிய துறைமுகம்

இவ்வளவு பெரிய துறைமுகம் ஏன் பெரிய நகரமாக வளரவில்லை? 1770-களில் நடந்த உள்நாட்டுப் போரில் ஊர் பலமாக அடிபட்டது. பிறகு ஊர் மெல்ல எழுந்தாலும், ஆற்றை மாற்ற முடியவில்லை. ஆண்டாண்டாக மலையிலிருந்து மண்ணை அடித்துக்கொண்டு வந்த தூ போன், தன் முகத்துவாரத்தைத் தானே அடைத்துக்கொண்டது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள், ஆழமான கடல் கொண்ட டா நாங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். வணிகம் 30 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துபோனது.

ஹோய் ஆனில் இருந்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் பணம் போனதால், பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் வசதியும் போனது. டா நாங்கில் மாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தபோது, ஹோய் ஆன் அப்படியே இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் போர்களிலும் பழைய தெருக்கள் பெரிய சேதமில்லாமல் தப்பின. மரச் சட்டங்களால் கட்டிய 1,107 கட்டடங்கள் இங்கே இருப்பதாக யுனெஸ்கோவின் பதிவு சொல்கிறது.

போர் முடிந்து, வறுமை வாட்டிய 1980-களில்தான் அந்தப் போலந்துக்காரர் வருகிறார். பெயர் காசிமியெஸ் க்வியாட்கோவ்ஸ்கி. மி சோன் கோயில்களைக் காப்பாற்ற வந்த கட்டடக் கலைஞர். உள்ளூரில் செல்லமாக காசிக். மி சோன் வேலைக்கு நடுவே ஹோய் ஆனின் தெருக்களைப் பார்த்தவர், இந்த வீடுகளை இடித்துவிடாதீர்கள், இதுதான் உங்கள் சொத்து என்று அதிகாரிகளிடம் விடாமல் எடுத்துச் சொன்னார். 1985-இல் வியட்நாம் அரசு ஹோய் ஆனைத் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999-இல் ஹோய் ஆனும் மி சோனும் ஒரே ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. அதைப் பார்க்க காசிக் உயிரோடு இல்லை. 1997-இல் வியட்நாமிலேயே அவர் காலமானார். பழைய நகரத்தின் ஒரு சின்னத் தோட்டத்தில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

கண் வைத்த கதவுகள்

ஹோய் ஆனின் பழைய வீடுகளைப் பார்த்தால் நம்ம ஊர் செட்டிநாட்டு வீடுகள் நினைவுக்கு வரலாம். முன்பக்கம் ஒரு தெரு, பின்பக்கம் இன்னொரு தெரு என்று நீளமாக ஓடும் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம். முன்னால் கடை, நடுவில் குடும்பம், பின்னால் ஆற்றைப் பார்த்தபடி சரக்கு இறக்கும் வாசல். தான் கீ என்ற வீடு அப்படிப்பட்டது. இருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் அதே குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து வருகிறது.

வாசலில் நின்று மேலே பாருங்கள். நிலைக்கு மேல் இரண்டு வட்ட மரக்கட்டைகள், கண்களைப்போல உங்களைப் பார்க்கும். கதவின் கண்கள் என்றே அவற்றுக்குப் பெயர். வீட்டுக்குக் கெட்டது வராமல் அவை காவல் காக்கின்றன என்பது நம்பிக்கை. ஆற்றில் போகும் படகுகளின் முகப்பிலும் இதேபோலக் கண்கள் வரைந்திருப்பார்கள்.

தான் கீ வீட்டுச் சுவரில் இன்னொன்றும் இருக்கிறது. எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று குறித்துவைத்த அடையாளங்கள். 1964-ஆம் ஆண்டின் கோடு ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். சில வீடுகளில் மாடித் தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு இருக்கும். தண்ணீர் ஏறும்போது கீழே இருக்கும் சரக்கை அதன் வழியாக மேலே தூக்கிவிடுவார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தேதான் இந்த வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள்.

விளக்கணைத்தால் வெளிச்சம்!

இன்று ஹோய் ஆன் என்றதும் உலகத்துக்கு நினைவுக்கு வருவது பட்டு விளக்குகள்தான். மூங்கில் குச்சிகளை வளைத்து, அதன் மேல் வண்ணப் பட்டுத் துணியை இழுத்து ஒட்டிச் செய்யும் கூண்டு விளக்குகள். குடை மாதிரி மடக்கி, பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்து வரலாம்.

சந்திர நாட்காட்டியின் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் நாள் இரவு, அதாவது பௌர்ணமிக்கு முந்தைய இரவு, பழைய நகரத்தில் மின்விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். பட்டு விளக்குகளும் மெழுகுவத்திகளும் நிலவும்தான் வெளிச்சம். 1998-இல் தொடங்கிய வழக்கம் இது. மக்கள் முன்னோருக்குப் படையல் வைத்து வணங்குகிறார்கள். காகித விளக்கில் மெழுகுவத்தி ஏற்றி ஆற்றில் விடுகிறார்கள். ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் விளக்கு விட்டவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது.

ஆற்றங்கரையில் பாய் சோய் என்ற விளையாட்டும் நடக்கும். பாட்டுப் பாடிக்கொண்டே ஆடும் தம்போலா என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணைக் கூப்பிடுவதற்குப் பதில் ஒரு பாட்டைப் பாடுவார்கள். பாட்டின் முடிவில்தான் எந்தச் சீட்டு என்று தெரியும். 2017-இல் இதையும் யுனெஸ்கோ அங்கீகரித்தது.

ஒரு கிண்ணம் காவ் லாவ்

ஹோய் ஆனின் அடையாள உணவு காவ் லாவ். தடிமனான அரிசி நூடுல்ஸ், பன்றி இறைச்சித் துண்டுகள், கீரைகள், மேலே மொறுமொறுப்பாகப் பொரித்த துண்டுகள், அடியில் கொஞ்சம் குழம்பு. முறைப்படி செய்ய வேண்டுமென்றால், பா லே என்ற பழைய சாம் கிணற்றின் தண்ணீர் வேண்டும், எதிரே இருக்கும் கூ லாவ் சாம் தீவின் மரச்சாம்பல் வேண்டும் என்பார்கள். சாம்பல் கரைத்த நீரில் அரிசியை ஊறவைப்பதால்தான் அந்த மஞ்சள் நிறமும் கடிபடும் பதமும் கிடைக்கின்றன. சம்பா நாடு போய்விட்டது. அவர்கள் வெட்டிய கிணறு மட்டும் இன்னும் ஊருக்குச் சோறு போடுகிறது.

மஞ்சள் மணக்கும் கோழிச் சோறு, ரோஜாப்பூ வடிவ இறால் கொழுக்கட்டை, பாகெட் ரொட்டிக்குள் இறைச்சியும் ஊறுகாயும் வைத்த பான் மீ ஆகியவையும் இங்கே பிரபலம். அரிசி மாவில் மஞ்சள் சேர்த்து ஊற்றும் பான் செயோ, நம்ம ஊர் தோசைக்குத் தூரத்துச் சொந்தம்போல இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சாய்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் அதற்குச் சைவ உணவு என்று பொருள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால், அந்தப் பலகை வைத்த கடைகள் நிறைய. ஒரே ஒரு எச்சரிக்கை: வெறும் காய்கறி உணவு என்று கேட்டால் மீன் சாறு சேர்த்துவிடுவார்கள். மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

சுற்றியுள்ள கிராமங்கள்

ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு சைக்கிளில் போவதுதான் சுகம். டிரா குவே என்ற கீரைக் கிராமத்தில், தோளில் காவடி மாதிரி இரண்டு பூவாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு பாத்திகளுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். பக்கத்து நீர்நிலையில் கிடைக்கும் பாசிதான் உரம். 2024-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

தான் ஹா, குயவர்களின் கிராமம். பழைய நகரத்தின் ஓடுகள் இங்கே சுட்டவை. கிம் போங், தச்சர்களின் கிராமம். அந்த வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் செய்தவர்கள் இவர்களின் முன்னோர்தான். பழைய வீடுகளைப் பழுதுபார்க்க இன்றும் இந்தக் கைகள் தேவைப்படுகின்றன. கைவினைக்காக 2023-இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலிலும் ஹோய் ஆன் சேர்ந்தது.

குழந்தைகளோடு போகிறவர்கள் பே மாவ் நீர்த்தென்னைக் காட்டைத் தவற விட வேண்டாம். மூங்கிலில் முடைந்த வட்டப் படகில் சுற்றிக் காட்டுவார்கள். ஒகேனக்கல் பரிசலில் போனவர்கள் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள், அவ்வளவு ஒற்றுமை!

வெள்ளமும் கூட்டமும்

ஹோய் ஆனுக்கு மழை தருவதும் வடகிழக்குப் பருவக்காற்றுதான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும்போது அங்கும் கொட்டுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பரில் ஆற்றங்கரைத் தெருக்களில் தண்ணீர் ஏறுவது வழக்கம். கடைக்காரர்கள் சரக்கை மாடிக்கு ஏற்றிவிட்டு, தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிக் கடையைத் திறந்துவிடுவார்கள். ஆனால் 2025 அக்டோபர் இறுதியில் வந்த வெள்ளம் வழக்கமானதாக இல்லை. மத்திய வியட்நாமில் வரலாறு காணாத மழை கொட்டியது. விளக்குகள் தொங்கும் தெருக்களில் மக்கள் படகில் போனார்கள்.

கடலோரத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல். குவா டாய் கடற்கரையைச் சில ஆண்டுகளாகவே கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. மேலே கட்டிய அணைகள் மண்ணைத் தடுத்துவிடுகின்றன, ஆற்றில் மணல் அள்ளுகிறார்கள், கரையை ஒட்டி விடுதிகள் கட்டிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் காரணங்களைச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அதிகமாக வந்த மண் துறைமுகத்தை மூடியது. இப்போது போதுமான மண் வராததால் கடற்கரை கரைகிறது.

கூட்டம் இன்னொரு கவலை. ஒரு சின்ன ஊருக்குள் ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். பழைய வீட்டைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்கு வெளியே குடியேறிய குடும்பங்கள் பல. வாடகைப் பணம்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறது, பழைய கூரையையும் மாற்றித் தருகிறது. அதே பணத்துக்காக எல்லோரும் வெளியேறிவிட்டால், இரவில் கடைகளைப் பூட்டிய பிறகு அந்தக் கண் வைத்த கதவுகளுக்குப் பின்னால் யார் இருப்பார்கள்? முன்னோர் படையலை யார் வைப்பார்கள்? ஹோய் ஆனில் மிச்சம் இருக்கும் குடும்பங்கள் இந்தக் கேள்வியோடுதான் வாழ்கின்றன.

2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் நிர்வாக எல்லைகள் மாறின. குவாங் நாம் மாகாணம் டா நாங்கோடு இணைந்தது. ஹோய் ஆன் நகரம் என்ற தனி நிர்வாகமும் முடிவுக்கு வந்தது. அரசுக் கணக்கில் அது இப்போது டா நாங் மாநகரின் சில வார்டுகள்! ஒரு காலத்தில் தன் வணிகத்தை எடுத்துக்கொண்ட நகரத்துக்குள்ளேயே ஹோய் ஆன் அடங்கிவிட்டது. ஆனால் டா நாங் விமான நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளில் ஏராளமானோர், முதலில் வழி கேட்பது ஹோய் ஆனுக்குத்தான்.

போக நினைப்பவர்களுக்கு...

எப்போது: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதமான காலம். மே முதல் ஆகஸ்ட் வரை வெயில் அதிகம், கடலில் குளிக்க ஏற்றது. அக்டோபர், நவம்பரைத் தவிர்ப்பது நல்லது. விளக்குத் திருவிழாவைப் பார்க்க வேண்டுமென்றால், பௌர்ணமிக்கு முதல் நாள் அங்கே இருக்கும்படி டிக்கெட் போடுங்கள்.

எப்படி: ஹோய் ஆனில் ரயில் நிலையமோ விமான நிலையமோ இல்லை. டா நாங் வரை விமானம், அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். தமிழ்நாட்டிலிருந்து ஹோ சி மின் நகரம், சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் ஆகிய ஊர்களில் மாறிப் போகலாம். இந்தியர்களுக்கு விசா தேவை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

எத்தனை நாள்: பழைய நகரத்துக்கு ஒரு முழு நாள், கிராமங்களுக்கு ஒரு நாள், மி சோனுக்கு அரை நாள். மி சோனுக்குக் காலையிலேயே போய்விட்டால் வெயிலிலிருந்தும் கூட்டத்திலிருந்தும் தப்பிக்கலாம். நேரம் இருந்தால் டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தையும் பாருங்கள். மி சோனிலும் டிரா கியூவிலும் கிடைத்த சிறந்த சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன.

கவனிக்க: பழைய நகரத்தின் வீடுகளையும் மண்டபங்களையும் பார்க்க ஒரே சீட்டு உண்டு. அதில் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பணம் பழைய கட்டடங்களின் பராமரிப்புக்கும் போகிறது. காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரங்களில் பைக்குகளுக்கு அனுமதி இல்லை என்பதால் குழந்தைகளோடு நிம்மதியாக நடக்கலாம். துணி தைக்கக் கொடுப்பவர்கள் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அளவு சரிபார்க்க நேரம் கிடைக்கும்.

முடிந்தால் ஒருநாள் அதிகாலை 6 மணிக்கு எழுந்து ஆற்றங்கரைச் சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். சுற்றுலாக் கூட்டம் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். படகுகளில் வந்த மீனும், சைக்கிளில் வந்த கீரையும் இறங்கிக்கொண்டிருக்கும். தொப்பி போட்ட பாட்டிகள் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் நடந்த வியாபாரத்தில் மிச்சம் இருப்பது அதுதான். ஊர்க்காரர்கள் வாங்கி, ஊர்க்காரர்கள் விற்கிற சந்தை!